ஸ்பிரிங்கை ஆளுக்கேற்ப அமைப்பது எப்படி?

ரயில் பெட்டி ஸ்பிரிங்குகளோடு காலம் தள்ளிய எனக்கு, ஓய்வுக்குப் பின் மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங் வந்து வாய்க்கும் என்று நினைக்கவில்லை.

சித்தூரில் இருக்கும் என் தங்கையின் பேத்தி கால்நடை மருத்துவர். மலையடிவாரக் கிராமங்களுக்குப் போய்வர, கரடுமுரடான பாதையில் ஓடக்கூடிய பழைய வண்டி ஒன்றை வாங்கினாள். ஒரே மாதத்தில் இரண்டு முறை விழுந்தாள். இரண்டாம் முறை மணிக்கட்டில் எலும்பு விரிந்துவிட்டது. "வண்டியை விற்றுவிடு" என்று வீட்டில் ஒரே பிடி. கட்டுப் பிரித்ததும் திருப்பதிக்கு வந்துவிட்டாள். "தாத்தா, நீங்க பாத்துச் சொன்னா அப்பா கேப்பார்."

பார்த்தேன். முன்பு வைத்திருந்தவர் பருத்த உடம்புக்காரர் போலும். பின் ஸ்பிரிங்கின் வளையம் கடைசிப் படி வரை இறுக்கியிருந்தது. இவளோ 52 கிலோ.

இந்த வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. ஐ.சி.எஃப். பெட்டிகளில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: சக்கரத்தைக் கடைசல் பிடிக்கப் பிடிக்க விட்டம் குறையும், பெட்டி தாழும். அதை ஈடுகட்ட ஸ்பிரிங்குக்கு அடியில் வளையம் வைத்து பஃபர் உயரத்தைச் சரிசெய்வோம். பெட்டிதான் உயரும், ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். மோட்டார் சைக்கிளிலும் அதே கதை.

அப்படியானால் என்ன கெடுதல்? ஸ்பிரிங் மேட்டில் அமுங்க மட்டும் அல்ல. பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடவும் வேண்டும். ஆள் உட்கார்ந்தும் வண்டி தாழாவிட்டால் சக்கரம் இறங்க இடமில்லை. பள்ளத்தில் சக்கரம் அந்தரத்தில் நிற்கும், பிடிப்புப் போகும். போதாக்குறைக்கு இருக்கை உயர்ந்து, கால் தரைக்கு எட்டாது.

எவ்வளவு தாழ வேண்டும்? மண்பாதைக்குச் சக்கரத்தின் மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நம் நாட்டில் 2016இல் வந்த ஹிமாலயனில் பின்சக்கர அசைவு 180 மி.மீ.; 2019இல் வந்த எக்ஸ்பல்ஸில் 170 மி.மீ. இவள் வண்டிக்கும் 170தான். ஆகவே 50 முதல் 57 மி.மீ. வரை தாழ்ந்தால் சரி.

அளப்பதற்கு ஒரு டேப்பும் இரண்டு ஆட்களும் போதும். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டில் போட்ட குறி வரை அளந்தோம்: 620. வண்டி தன் எடையில் நின்றபோது 614. ஹெல்மெட், பூட்ஸ், மருந்துப் பெட்டியோடு அவள் ஏறி உட்கார்ந்தபோது 588. அதாவது வெறும் 32 மி.மீ. மருந்துப் பெட்டியைக் கழற்றிவிட்டு அளந்தால் கணக்குத் தப்பும். எப்படி ஓட்டுகிறோமோ அப்படியே அளக்க வேண்டும்.

படிப்படியாகத் தளர்த்தினோம். வண்டி மட்டும் நின்றபோது 598, அவள் ஏறியதும் 570. ஐம்பது வந்துவிட்டது!

ஆள் ஏறிய கணக்குச் சரியாக வந்தும், வண்டி தன் எடையில் கொஞ்சமும் தாழவில்லை என்றால், ஸ்பிரிங் அந்த ஆளுக்கு மெலிது. அளவுக்கு மீறி இறுக்கித்தான் அந்தக் கணக்கை வரவழைத்திருக்கிறோம். தன் எடையிலேயே மிகவும் தாழ்ந்தால் ஸ்பிரிங் கடினம். தலைகீழாகத் தோன்றும், நானும் தாளில் போட்டுப் பார்த்துத்தான் நம்பினேன். இரண்டுக்கும் வழி ஸ்பிரிங்கை மாற்றுவதே. இவளுக்கு அந்தச் செலவு வரவில்லை.

2024 டக்கார் பந்தயத்தில் ராலி 2 பிரிவை வென்ற ஹரித் நோவா போன்றவர்களின் வண்டிகளில், ஸ்பிரிங் அமுங்கும் வேகத்தையும் திரும்பும் வேகத்தையும்கூடத் தனித்தனித் திருகால் மாற்றலாம். நம் வண்டிகள் பலவற்றில் அந்தத் திருகு கிடையாது. இருந்தாலும் முதலில் தாழ்வு, பிறகுதான் திருகு.

சந்திரகிரிப் பக்கம் சுவர்ணமுகி ஆற்றோர மண்பாதையில் ஓட்டிப் பார்த்தாள். நான் பின்னால் ஸ்கூட்டரில் மெல்லப் போனேன். முன்பு பள்ளத்துக்குப் பள்ளம் துள்ளிய பின்சக்கரம் தரையை விடாமல் போயிற்று. நிறுத்தியபோது இரண்டு பாதங்களின் முன்பகுதியும் தரையில் இருந்தன.

வண்டி இன்னும் விற்கப்படவில்லை. போன வாரம் அவள் அப்பா தொலைபேசியில் கூப்பிட்டு, தன் வண்டியையும் அளந்து தர முடியுமா என்று கேட்டார். அவர் 94 கிலோ.