இசைத்தட்டு: அளவும் சுவையும்

நுழையும்முன்

ஒரே பாடலைக் கேட்கும் இருவர் ஒரே வகையான இன்பத்தை அடைவதில்லை. சுவை ஆளுக்கு ஆள் மாறும். அளவுகோல் யார் கையில் இருப்பினும் மாறாது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதும் களமாக இன்று வினைல் இசைத்தட்டு விளங்குகிறது. கருவி காட்டும் தரத்தையும் மனம் காணும் இன்பத்தையும் பகுத்தறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தட்டில் பொறித்த ஒலி

1877ஆம் ஆண்டு தாமஸ் ஆல்வா எடிசன், தகரத்தாள் சுற்றிய உருளையில் ஒலியைப் பதிந்து மீட்டுக் காட்டினார். பத்தாண்டுகளுக்குப் பின் எமில் பெர்லினர், உருளைக்கு மாற்றாக வட்டத்தட்டைக் கொணர்ந்தார். அரக்கு கலந்து செய்யப்பட்ட பழைய தட்டுகள் நிமிடத்திற்கு 78 முறை சுழன்று, பக்கத்திற்குச் சில நிமிடங்களே பாடின. 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் நெகிழியால் ஆன நெடுநேர இசைத்தட்டை வெளியிட்டது. 12 அங்குல விட்டமுடைய அத்தட்டு நிமிடத்திற்கு 33⅓ முறை சுழன்று, ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் இசைத்தது.

இசைத்தட்டில் ஒலியலையின் வடிவமே நுண்ணிய பள்ளத்தில் நெளிவுகளாகப் பொறிக்கப்படுகிறது. பள்ளத்தின் வழியே செல்லும் ஊசி அந்நெளிவுகளுக்கேற்ப அதிர்கிறது. அவ்வதிர்வு மின்னலையாக மாறி, பெருக்கப்பட்டு, மீண்டும் ஒலியாகிறது.

அளவுகோல் கூறுவது

1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு வேறொரு வழியை மேற்கொண்டது. அது ஒலியலையை நொடிக்கு 44,100 முறை அளந்து, எண்களாகச் சேமிக்கிறது. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே அதனால் காட்டக்கூடிய வேறுபாடு ஏறத்தாழ 96 டெசிபல். வினைல் தட்டில் இது பெரும்பாலும் 70 டெசிபல் அளவிலேயே நின்றுவிடுகிறது. மெல்லிய ஒலிகள், ஊசி உராயும் இரைச்சலில் அமிழ்ந்துவிடுவதே இதற்குக் காரணம்.

தட்டின் அமைப்பிலேயே மற்றொரு குறையும் உண்டு. தட்டு ஒரே சீராகச் சுழன்றாலும், அதன் விளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ. நீளப் பள்ளம் ஊசியைக் கடக்கிறது. நடுப்பகுதியை நெருங்கும்போது அது 21 செ.மீ. அளவாகக் குறைகிறது. ஒரு நொடி இசையைக் குறுகிய இடத்தில் அடக்க வேண்டியிருப்பதால், பக்கத்தின் இறுதிப் பாடல்களில் உச்ச ஒலிகள் தெளிவிழக்கின்றன. தூசும் தேய்மானமும் குறையை மேலும் பெருக்குகின்றன. ஆகவே, மூல ஒலியைப் பிழையின்றி மீட்பதே தரம் எனக் கொண்டால், குறுந்தகடே முந்தி நிற்கிறது.

செவி கூறுவது

ஆயினும், 2022ஆம் ஆண்டு அமெரிக்காவில் குறுந்தகடுகளைவிட வினைல் தட்டுகளே எண்ணிக்கையில் மிகுதியாக விற்றன. 1987க்குப் பின் அங்கு அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. வினைலின் ஒலியில் இதமும் நிறைவும் இருப்பதாக அன்பர்கள் கூறுகின்றனர். இக்கூற்றை வெறும் கற்பனை என்று தள்ளிவிட இயலாது. ஊசியும் பள்ளமும் சேர்க்கும் சிறு திரிபுகள் சிலருடைய செவிக்கு இனிமையாகவே அமைகின்றன. மேலும், சில பாடல்களின் குறுந்தகட்டு வடிவம் எப்போதும் உரக்க ஒலிக்குமாறு இறுக்கித் தயாரிக்கப்படுவதுண்டு. அந்நிலையில் அதே பாடலின் இசைத்தட்டு உண்மையிலேயே நன்றாக ஒலிக்கலாம். அச்சிறப்பு தயாரித்தவரின் தேர்வால் விளைந்தது; வினைலால் விளைந்ததன்று.

கேட்கும் முறையும் இன்பத்தைக் கூட்டுகிறது. உறையிலிருந்து தட்டை எடுத்து, தூசு துடைத்து, ஊசியை மெல்ல இறக்கி, பக்கம் முடிந்ததும் எழுந்து திருப்பிப் போடுபவர், வேறு வேலைக்கிடையே பாட்டுக் கேட்பவரைவிட இசைக்கு மிகுந்த கவனம் தருகிறார்.

மறைத்துச் சோதித்தல்

ஒலிப்பது எது என்பதை மறைத்து, கேட்பவரைக் கூறச் சொல்வதே நடுநிலையான சோதனை. இரண்டின் ஒலியளவும் சமமாக இருத்தல் வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பதையும் செவி சிறந்ததென்று கருதிவிடும்.

முன்னறிவு செவியை எவ்வளவு ஆள்கிறது என்பதற்கு அண்மை நிகழ்வு ஒன்று சான்றாகும். அமெரிக்க நிறுவனம் ஒன்றின் விலையுயர்ந்த இசைத்தட்டுகளை, எண்முறைப் பதிவு சிறிதும் கலவாதவை என்று நம்பி இசையன்பர் பலர் போற்றிவந்தனர். அவற்றுள் பல எண்முறைப் பதிவின் வழியாகவே உருவானவை என்பது 2022இல் வெளிப்பட்டது. அதுவரை அவர்கள் துய்த்த இன்பம் பொய்யன்று. அதற்கு அவர்கள் கற்பித்த காரணமே பொய்யாயிற்று.

இரு கூற்றுகள்

‘இத்தட்டு எனக்கு இனிக்கிறது’ என்பது ஒரு கூற்று. அதற்குச் சொல்பவரே சான்று. பிறர் மறுக்க இடமில்லை. ‘இத்தட்டின் ஒலி பிறவற்றினும் துல்லியமானது’ என்பது மற்றொரு கூற்று. அதற்கு அளவீடே சான்று. எத்தனை பேர் விரும்பினும் அச்சான்று மாறாது. முதற்கூற்றை இரண்டாவதற்குச் சான்றாக்குபவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். அதற்காகப் பெரும்பொருளும் இழக்க நேரும். இரண்டாவதைக் கொண்டு முதலாவதை எள்ளுபவரோ பிறர் இன்பத்தை மதிக்கத் தவறுகிறார். அளவுக்குரிய இடத்தை அளவுக்கும் சுவைக்குரிய இடத்தைச் சுவைக்கும் தருவதே அறிவுடைமை.

கற்பவை கற்றபின்...

1. ஒரே பாடலை இரு கருவிகளில் ஒலிக்கச் செய்து, கருவியை மறைத்து நண்பர்களின் கருத்தைக் கேட்டு அட்டவணைப்படுத்துக.
2. ‘பலர் விரும்புவதே தரமானது’ – வகுப்பில் வாதிடுக.