கித்தான் படுக்கை

டிசம்பர் விடுமுறையில் மூணாறு சென்று திறந்த வெளியில் தங்கி வரலாம் என்று நம் சங்கத் தோழர் பலர் பேசிக்கொள்கின்றனர். அதற்கேற்ற கித்தான் படுக்கையைப் பற்றி, அறிவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் சில கூற விழைகின்றேன். உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கும் பொருள் ஒரே மழைக்காலத்தில் பாழாகிவிடக் கூடாதன்றோ?

இரயில் பயணத்திற்குப் போர்வையும் தலையணையும் வைத்துச் சுருட்டி, வாரால் கட்டிய 'ஹோல்டால்' நம் வீட்டுப் பெரியோர் அறிந்ததே. ஆஸ்திரேலியர் 'ஸ்வாக்' என வழங்கும் படுக்கையும் அத்தகையதே. வேலை தேடி ஊர் ஊராக நடந்த கூலியாட்கள் கம்பளியைக் கித்தானில் சுருட்டித் தோளில் சுமந்தனர். இன்றைய ஸ்வாக்கில் மெத்தையும் கொசுவலையும் நீர் புகாத அடிவிரிப்பும் சேர்ந்துள்ளன. ஆகவே கனம் மிகுதி. வண்டியில் ஏற்றிச் செல்லலாமேயன்றி, முதுகில் சுமந்து மலையேற அது ஏற்றதன்று.

பருத்திக் கித்தானையே ஏன் நாட வேண்டும்? பிளாஸ்டிக் தார்ப்பாய்க்குள் உறங்கினால் மூச்சின் ஆவி வெளியேற வழியின்றி, உட்புறம் நீராகப் படிந்து நம்மை நனைக்கும். கித்தானோ ஆவியை வெளியே விடும். மழை பட்டால் அதன் இழைகள் பருத்து, நெசவின் இடைவெளிகளையும் தையல் துளைகளையும் அடைக்கும். ஆதலின் புதிய படுக்கையை முற்றத்தில் விரித்து நன்றாக நனைத்து, முற்றும் உலர்த்துக. ஓரிரு முறை இவ்வாறு செய்த பின்னரே பயணத்திற்கு எடுக்க வேண்டும்.

வாங்கும்போது துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெசவு நெருக்கமாக இருத்தல் வேண்டும். சதுர மீட்டருக்கு 400 கிராம் அளவுள்ள துணி நன்கு உழைக்கும். நீளம் உங்கள் உயரத்தினும் ஒரு சாணாவது மிகுந்திருக்கட்டும்.

மெத்தையில் சிக்கனம் வேண்டா. உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். மூணாறு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொச்சியில் 24 டிகிரியாக உள்ள இரவில் அங்கே 14 டிகிரி அளவே இருக்கும். வானம் தெளிந்த சனவரி இரவுகளில் இன்னும் மிகக் குறையும். குளிர்ந்த தரை உடலின் வெப்பத்தை ஈர்த்துக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்வை போர்த்தினும் அதனைத் தடுக்க இயலாது. யானை நடமாடும் மலை அது. அனுமதி பெற்ற முகாமிடத்தில் மட்டுமே படுக்கையை விரியுங்கள்.

நிற்க. கித்தானின் பெரும்பகை மழையன்று, பூஞ்சையே. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் கித்தான்கள் மட்கி அழிந்தன. அவற்றில் கண்ட ஒரு பூஞ்சைக்கு, அதனை ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்பாரின் பெயரால் 1977-இல் 'டிரைக்கோடெர்மா ரீசி' எனப் பெயரிட்டனர். பருத்தியிலுள்ள செல்லுலோசைச் சர்க்கரையாக்கி உண்பது அது. அதற்கு வேண்டுவது ஈரம் ஒன்றே.

அந்த ஈரத்திற்கு நம் ஊரில் பஞ்சமில்லை. மலையாளிகள் கர்க்கடகம் என்னும் ஆடி மாதத்தில், சுள்ளிக்கல்லில் எங்கள் வீட்டுத் தோல் செருப்பிலும் பூஞ்சணம் பூக்கின்றது. எனவே ஊர் திரும்பிய அன்றே படுக்கையை அவிழ்த்து, மெத்தையை வெளியே எடுத்து, மடிப்பும் தையலும் காயும்வரை உலர்த்துங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் வெயில் கண்ட நாளெல்லாம் ஒருமுறை விரித்துப் போடுங்கள்.

தோழர்களே! வாங்குமுன் துணியைப் பாருங்கள். வாங்கியபின் வெயிலைப் பாருங்கள். உங்கள் படுக்கை பல்லாண்டு உழைக்கும்.