கரிப்பெட்டியும் கதிரவனும்

(உரைநடை)

நுழையும்முன்

புகை கக்கும் எரிபொருள்களை விட்டுத் தூய ஆற்றலுக்கு மாற வேண்டும் என்பதில் உலக நாடுகளுக்குள் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அம்மாற்றத்தின் செலவை ஏற்பவர் யார், பயனைப் பெறுபவர் யார் என்பதில்தான் வேறுபாடு. கொச்சியின் ஒரு தேய்ப்புப் பெட்டியிலிருந்து தொடங்கி அவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

பாடம்

மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்னும் பகுதி உண்டு. அங்குள்ள டோபி கானாவில் பொழுது விடியும் முன்பே துணி துவைக்கும் ஓசை எழும். சிறு சிறு தடுப்புகளாகப் பிரிக்கப்பட்ட துவைதுறைகளும், பக்கத்துத் திடலில் கயிறுகளில் காற்றாடும் வெண்ணிற விரிப்புகளும் சுற்றுலாப் பயணிகளையும் நின்று பார்க்க வைக்கும். அங்கே பணிபுரிவோர் தமிழ் பேசும் வண்ணார் குடும்பத்தினர். டச்சுக்காரர் 1663இல் கொச்சியைக் கைப்பற்றினர். ஏறத்தாழ 130 ஆண்டுகள் அது அவர்கள் வசம் இருந்தது. அக்காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தம் முன்னோர் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டனர் என்று அக்குடும்பத்தினர் வழிவழியாகக் கூறுவர். இன்றுள்ள கட்டடம் 1976இல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையத்தால் கட்டித்தரப்பட்டது. பிழைப்புத் தேடி இந்நகருக்கு இன்று வரும் தமிழர்க்கு இவர்கள் பல தலைமுறை மூத்த உறவினர்.

வெளுத்தல், கஞ்சியிடல், உலர்த்தல், தேய்த்தல் என்னும் நான்கு பணிகளுள் மூன்றாவதைக் கதிரவனே செய்து முடிக்கிறான். கூலி கேளாத வேலையாள் அவன்; ஆனி, ஆடி மாதங்களில் மட்டும் அடிக்கடி விடுப்பு எடுத்துக்கொள்வான். நான்காவது பணிக்கு நெருப்பு வேண்டும். 'இஸ்திரி' என்ற சொல் போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்தது என்பர். தமிழில் அதற்குத் தேய்ப்புப் பெட்டி என்று பெயர். மலையாளத்தில் அதுவே 'தேப்புப்பெட்டி'. ஓர் எழுத்துத் தேய்ந்திருக்கிறது, பொருள் தேயவில்லை.

சிரட்டைக்கரியோ மரக்கரியோ இட்ட பெட்டி பல கிலோ எடை உள்ளது. நாள்தோறும் அதனைத் தூக்கி இழைப்பவரின் தோளும் மணிக்கட்டும் முதுமைக்கு முன்பே தளர்ந்துவிடும். கரி கனலும்போது கரியமில வாயுவோடு கார்பன் மோனாக்சைடும் வெளிப்படுகிறது. பின்னது நிறமும் மணமும் இல்லாத நஞ்சு. மழைக்காலத்தில் கதவை அடைத்துக்கொண்டு தேய்ப்போர்க்குத் தலைவலி வருவது அதனாலும் இருக்கலாம். மின்பெட்டிக்கும் எரிவாயுப் பெட்டிக்கும் மாறியோர் பலர். கரிப்பெட்டியைக் கைவிட இயலாதோரும் உளர்.

திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் பள்ளியிலிருந்து வீடு திரும்பும் வழியில் இக்காட்சியைக் கண்டார். துணி தேய்ப்பவர் எரிந்து முடிந்த கரியைத் தெருவோரம் கொட்டுவதைக் கண்ட அவருக்கு, அக்கரி எங்கிருந்து வருகிறது, எத்தனை மரங்கள் இதற்காக வெட்டப்படுகின்றன என்னும் எண்ணம் எழுந்தது. சூரிய ஒளித் தகடுகளைக் கூரையாகவும், மின்கலத்தை அடித்தளத்திலும் கொண்ட தேய்ப்பு வண்டி ஒன்றை அவர் வடிவமைத்தார். ஐந்து மணி நேர நல்ல வெயில் அதன் மின்பெட்டியை ஆறு மணி நேரம் இயக்கப் போதுமானது. 2021 நவம்பரில் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் ஐ.நா. காலநிலை மாநாடு நடைபெற்றது. பள்ளி மாணவியாகிய வினிஷா அங்கே உலகத் தலைவர்கள் முன்னிலையில் உரையாற்றினார். 2070ஆம் ஆண்டிற்குள் நிகர உமிழ்வைச் சுழியமாக்குவதாக இந்தியா உறுதி கூறியதும் அம்மாநாட்டில்தான்.

அவ்வண்டி இன்று எல்லாத் தெருக்களிலும் ஓடவில்லை. காரணம் அறிவியலில் இல்லை, கணக்கில் இருக்கிறது. துணி தேய்ப்பவர் இன்றைய வேலைக்கு வேண்டிய கரியை இன்றைய வருமானத்தில் வாங்குகிறார். சூரிய வண்டியோ பல மாதக் கரிச்செலவை ஒரே நாளில் முன்பணமாகக் கேட்கிறது. வெயிலுக்கு விலை இல்லை என்பது உண்மையே. ஆனால் வெயிலைப் பிடிக்கும் கருவிக்கு விலை உண்டு. கையில் சேமிப்பு உள்ளவர்க்குச் சிக்கனமாக முடிவது, அன்றாடங்காய்ச்சிக்கு எட்டாமல் போகிறது. கடனும் மானியமும் அவரைத் தேடிச் சென்றாலொழிய இந்நிலை மாறாது.

வீட்டுக் கூரைகளிலும் இதே நிலைதான். கூரையில் சூரியத் தகடு அமைப்போர்க்கு நடுவண் அரசு 2024 முதல் 78,000 ரூபாய் வரை மானியம் அளிக்கிறது. பயனுள்ள திட்டம்; ஆனால் அதனைப் பெறச் சொந்தக் கூரை வேண்டும். மட்டாஞ்சேரியின் நெருக்கமான சந்துகளில் வாடகை அறைகளில் வாழும் குடும்பங்களுக்குக் கூரை எது? அவர்கள் மின்கட்டணம் மட்டும் தவறாமல் செலுத்துகின்றனர். மேல்மாடியின் வெயில் வீட்டு உரிமையாளருடையது.

இனி, நீர்வழிக்கு வருவோம். நீர்வழியில் கேரளம் இந்தியாவிற்கே முன்னோடி. நாட்டின் முதல் சூரியப் படகான 'ஆதித்யா' 2017 சனவரியில் வைக்கத்திலிருந்து தவணக்கடவிற்கு ஓடத் தொடங்கியது. அந்த வைக்கம் தமிழ் மாணவர்க்குப் புதிய பெயரன்று. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924இல் நடந்த போராட்டத்தில் பெரியார் சிறை சென்ற ஊர் அது. அதன்பின் 2023 ஏப்ரலில் கொச்சி நீர் மெட்ரோ தொடங்கப்பெற்றது. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான மின்கலப் படகுகள் நூறு பேரைப் புகையின்றி, இரைச்சலின்றி ஏற்றிச் செல்கின்றன. பத்துப் பதினைந்து நிமிடத்தில் அவற்றிற்கு மின்னேற்றிவிடலாம். 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் அதன் துறை கிடைத்தது. எனினும் தொடங்கிய காலத்தில் அதன் குறைந்தபட்சக் கட்டணமே 20 ரூபாய். டீசலில் ஓடும் பழைய அரசுப் படகின் கட்டணம் அப்போது ஒற்றை இலக்கத்தில் இருந்தது. குளிர்காற்றும் கண்ணாடிச் சாளரமும் விரும்புவோர் புதிய படகில் செல்லலாம். நாள்தோறும் இருமுறை கடக்கும் கட்டடத் தொழிலாளி எதில் செல்வார் என்பதை அவர் கூலிதான் முடிவு செய்யும். தூய படகு வந்தது என்பதற்காகப் பழைய படகை நிறுத்திவிடலாகாது. பழைய படகையும் தூய்மையாக்கிப் பழைய கட்டணத்திலேயே ஓட்டுவதுதான் முறை.

அப்படகிற்கான மின்சாரம் எங்கிருந்து வருகிறது? கேரளம் தன் மின்தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்து பெறுகிறது. கடலூர் மாவட்டத்து நெய்வேலி அனல்மின் நிலையங்களிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆதலின் கொச்சிக் காயலில் புகையின்றிச் செல்லும் படகிற்காக நெய்வேலிப் புகைபோக்கியில் சிறிது புகை எழத்தான் செய்கிறது. 2025ஆம் ஆண்டளவில் இந்தியாவின் மின் நிறுவுதிறனில் பாதி நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் சாராததாகிவிட்டது. ஆனால் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது.

நெய்வேலியின் கதை ஒரு கிணற்றில் தொடங்கியது. 1930களில் சம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருநிறப் பொருள் ஒன்று நீரோடு வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956இல் அரசு நிறுவனம் அமைந்தது. 1962இல் மின் உற்பத்தி தொடங்கியது. தமிழகத்தின் எத்தனையோ இல்லங்களில் முதல் விளக்கு எரிந்தது அந்த மின்சாரத்தால்தான். சுரங்கத்திற்காக வீட்டையும் விளைநிலத்தையும் கொடுத்த ஊர்கள் பல. இழப்பீடு, நிலையான வேலை ஆகியவை பற்றிய அவ்வூர்களின் குறை இன்றளவும் தீரவில்லை. 2023 சூலையில் பயிர் நின்ற வயல்களின் ஊடே கால்வாய் வெட்டப்பட்டபோது அங்கே பெரும் போராட்டம் எழுந்தது.

ஒருநாள் அச்சுரங்கம் மூடப்படுமாயின், ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளர் எங்குச் செல்வர்? அவர்களை நம்பியிருக்கும் தேநீர்க் கடைக்காரர், லாரி ஓட்டுநர், துணி தேய்ப்பவர் ஆகியோரின் நிலை என்ன? சூரியமின் நிலையம் அமைக்கும் நாளில் பலருக்கு வேலை உண்டு. அமைத்து முடித்தபின் காவலுக்கும் தகடு துடைப்பதற்கும் சிலர் போதும். எனவே ஒரு வேலை போனால் மற்றொரு வேலை தானே வந்துவிடும் என்று இருத்தல் இயலாது. 2015ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கையின் முகப்புரை இதனைக் கருத்தில் கொண்டே தொழிலாளர்க்கு 'நீதியான மாற்றம்' வேண்டும் என்கிறது. செருமனி தன் கருநிலக்கரிச் சுரங்கங்களை மூடுவதென 2007இல் முடிவு செய்து, கடைசிச் சுரங்கத்தை 2018 திசம்பரில்தான் மூடியது. இடைப்பட்ட ஆண்டுகளில் மூத்தோர்க்கு முன்கூட்டிய ஓய்வூதியமும் இளையோர்க்கு வேறு தொழிற்பயிற்சியும் கிடைத்தன. பணமுள்ள நாடு அது. பழுப்பு நிலக்கரியை அதுவும் இன்னும் விட்டபாடில்லை. இந்தியர் ஒருவர் சராசரியாக வெளியிடும் கரியமில வாயு, அமெரிக்கர் ஒருவர் வெளியிடுவதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே. மாற்றத்திற்கான பணத்தை முன்னதாகப் புகைத்தவர் கூடுதலாகத் தரவேண்டும் என இந்தியா மாநாடுதோறும் கேட்பது இதனால்தான். நெய்வேலித் தொழிலாளியும் வெளியின் சலவைத் தொழிலாளியும் தம் நாட்டினுள் கேட்க வேண்டியதும் அதே கேள்விதான்.

பயிற்சி

1. 'கூலி கேளாத வேலையாள்' என்று பாடம் யாரைக் குறிப்பிடுகிறது? ஏன்?

2. அன்றாடங்காய்ச்சி, முன்பணம், நிறுவுதிறன் ஆகிய சொற்களைச் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக.

3. தேய்ப்பு – தேப்பு என்பது போலத் தமிழிலும் மலையாளத்திலும் சிறிதே வேறுபடும் ஐந்து சொற்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.

4. உன் தெருவில் துணி தேய்ப்பவரிடம் பேசுக. அவர் ஒரு நாளில் கரிக்கோ மின்சாரத்திற்கோ செலவிடும் தொகை யாது? சூரிய வண்டி கிடைத்தால் மாறுவாரா? அவர் கூறியவற்றைப் பத்து வரிகளில் எழுதுக.

5. வாடகை வீட்டில் குடியிருப்போரும் சூரிய மின்சாரத்தின் பயனைப் பெற வழி செய்யுமாறு வேண்டி, உங்கள் பகுதி மாநகராட்சி உறுப்பினருக்கு ஒரு விண்ணப்பம் வரைக.