ஆளைப் பிடிக்காதீர்கள், பரிசலைப் பிடியுங்கள்

கேள்வி: காரமடையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பில்லூர் நீர்த்தேக்கக் கரையிலுள்ள பரளிக்காடு போயிருந்தோம். பரிசலில் சுற்றிவிட்டு நாங்கள் இறங்கி நிற்க, பின்னாலேயே இன்னொரு பரிசல் கரைக்கு வந்தது. அதில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. ஒரு காலைக் கரையில் வைப்பதும் எடுப்பதுமாகத் தடுமாறினார். மகன் கையில் குழந்தை. பரிசல்காரர் துடுப்பை ஊன்றிக்கொண்டு, “மெதுவாங்க, மெதுவா” என்கிறார். போகலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டே நின்றேன். அதற்குள் யாரோ ஒருவர் ஓடிப்போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுக்க, பரிசல் பின்னால் நழுவி, அவர் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். கால் பிசகிவிட்டது. திரும்பும்போது வெள்ளியங்காடு வரை என் மனைவி வாயே திறக்கவில்லை. அப்புறம்தான், “ஒரு ஆம்பளை இப்படியா மரமாட்டம் நிக்கறது?” என்றார். சில வருடம் முன்னால், பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்த ஒருவரைத் தூக்கப் போய், “பையைத் தொடாதே, யார் நீ?” என்று வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். நீச்சலும் எனக்கு அரைகுறை. தெரியாதவர்களுக்கு உதவப் போகலாமா, கூடாதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காரமடை

பதில்: போகலாமுங்க. எங்கே போய் நிற்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தீயணைப்பு, மீட்புப் பணியில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். உதவாமல் நின்றவர்களைவிட, இடம் தெரியாமல் உதவியவர்களால்தான் எங்களுக்கு வேலை அதிகம்.

உங்கள் ஊர் மாசி மகத் தேரையே எடுத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிக்க யாரும் வரலாம். ஆனால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் பக்கத்தில் ஆர்வத்தில் ஒருத்தர் குனிந்தால் நாலு பேர் சட்டையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். அவரும் உதவத்தான் குனிந்தார். பரிசல் துறையும் முட்டுக்கட்டை போடுகிற இடம் மாதிரிதான்.

பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. அடிப்பாகம் தட்டைக் கூடை. மூங்கில் பின்னித் தோல் போர்த்திய காலத்திலும் சரி, இப்போது ஃபைபரில் வந்த பிறகும் சரி, அதன் குணம் ஒன்றுதான். மிதிக்கிற பக்கம் சாயும், காலால் உந்தினால் உந்திய பக்கம் நழுவும். கரையிலிருந்து கையைப் பிடித்து இழுத்தபோது அந்த அம்மாவின் உடம்பு முன்னால் வந்தது, பின்னங்கால் பரிசலைத் தண்ணீருக்குள் தள்ளியது. நடுவில் விழுந்த இடைவெளியில்தான் அவர் உட்கார்ந்தார். அன்றைக்குத் தேவைப்பட்டது பரிசலின் விளிம்பைக் கரையோடு அழுத்திப் பிடிக்க இரண்டு கைகள். பரிசல் அசையாமல் இருந்தால் முக்கால்வாசிப் பேர் தாமாகவே இறங்கிவிடுவார்கள். முடியாதவருக்கு உங்கள் முன்கையை நீட்டுங்கள், அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அவரைப் பிடித்தால் வேகம் உங்களுடையதாகிவிடும், வயதானவர்களுக்கு அது ஒத்துவராது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி, அதுவும் பரிசல்காரரிடம்: “அண்ணா, ஓரத்தைப் பிடிக்கட்டுங்களா?” பில்லூர் நீர்த்தேக்கத்தில் வனத்துறைக்காகப் பரிசல் ஓட்டுகிறவர்கள் அங்கேயே பிறந்து வளர்ந்த பழங்குடி மக்கள். எந்தக் காலை எப்போது வைக்கச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவரைக் கேட்காமல் புகுந்தால் அந்த அம்மாவுக்கு இரண்டு எஜமானர்கள் ஆகிவிடும். பஸ் ஸ்டாண்டில் நீங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதுகூட உதவியதற்காக இல்லை, வாய் திறக்காமல் தொட்டதற்காக என்றுதான் நினைக்கிறேன்.

(ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு பெண்மணிக்குக் கை கொடுக்க உங்களைவிட உங்கள் வீட்டம்மாதானே பொருத்தம்? அவரும் அங்கேதானே நின்றிருந்தார்?)

நீங்கள் யோசித்துக்கொண்டே நின்றது கல்நெஞ்சம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 1968-இல் லத்தானே, டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள், மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் புகையை விட்டுப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். எதையும் கண்டுகொள்ளாத இரண்டு பேர் கூட இருந்தபோது 10 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். அடுத்தவர் முகத்தைப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை போல’ என்று இருந்துவிடுவது மனித வழக்கம். ஞாயிற்றுக்கிழமைப் பரிசல் துறையில் முகங்களுக்குப் பஞ்சமா?

பரிசல்காரரைக் கேட்டுச் செய்வதெல்லாம் நேரம் இருக்கும்போது. ஆள் ஆழத்தில் விழுந்துவிட்டால் கணக்கே வேறு.

மூழ்குகிறவர் சினிமாவில் மாதிரிக் கத்த மாட்டார். வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும், மூச்சுக்கே நேரம் போதாது. கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும், உங்களைப் பார்த்து அசைக்க வராது. இதை வருடக்கணக்கில் கவனித்து எழுதிய ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர், இப்படித் தத்தளிப்பது 20 முதல் 60 விநாடிதான் என்கிறார். அந்த நேரத்தில் அரைகுறை நீச்சல்காரர் குதித்தால், மூழ்குகிறவர் அவர் தோளில் ஏறித்தான் மூச்சு வாங்குவார். ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரும் பலியான செய்தியை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம். நீங்கள் குதிக்க வேண்டாம். குப்புறப் படுத்துக்கொண்டு கொம்பையோ துடுப்பையோ நீட்டுங்கள். எட்டாவிட்டால் வேட்டி, சேலை, முடிச்சுப் போட்ட துண்டு. இல்லையென்றால் மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேனை வீசுங்கள், அது மிதக்கும். கூட இருக்கிறவரில் ஒருவரைக் கைகாட்டி, “நீங்க 112-க்குப் போன் பண்ணுங்க” என்று சொல்லுங்கள். ‘யாராவது பண்ணுங்க’ என்றால் யாரும் பண்ண மாட்டார்கள்.

கரைக்குக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் வேண்டாம். அவருக்குப் போனது காற்று. மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு, பிறகு நெஞ்சு அழுத்தம், 108 வரும்வரை. சட்டத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த பாதுகாப்பு சாலை விபத்துக்கு உதவுகிறவர்களுக்கானது. ஆற்றங்கரைக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு இருக்கிறது. சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவருக்கு அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்ததைக் குற்றமாகப் பார்க்காது.

உங்களைப் போன்ற உள்ளூர்க்காரர் செய்யக்கூடிய பெரிய உதவி இன்னொன்று, அதற்கு நீச்சலே வேண்டாம். பில்லூர் அணைக்குக் கீழே பவானியில் மழை இல்லாமலே தண்ணீர் ஏறும். மின் உற்பத்திக்குத் திறந்துவிட்டால், வெயில் கொளுத்தும்போதே காலடிப் பாறை மறைந்துவிடும். 100 அடி அணையில் நீர்மட்டம் 97 அடியைத் தொட்டால் உபரிநீரும் வரும். வெளியூரிலிருந்து குளிக்க வருகிறவர்களுக்கு இது தெரியாது, கணுக்கால் ஆழம்தானே என்று நடு ஆற்றுப் பாறையில் உட்கார்ந்திருப்பார்கள். மேட்டுப்பாளையத்தில் இதற்காகவே காவல்துறை உயிர்காப்புக் குழு ஒன்றை அமைத்தது, ஆனால் எல்லாத் துறையிலும் காவலர் நிற்க முடியாது. தண்ணீர் நிறம் மாறி, சருகும் குச்சியும் சேர்ந்து மிதந்து வருவதைப் பார்த்தால் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். “உங்களுக்கென்ன வந்தது?” என்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

காரமடைக் கடைவீதியில் 15 மீட்டர் நைலான் கயிறு வாங்கி, ஒரு முனையில் 5 லிட்டர் காலிக் கேனைக் கட்டி, அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மூடி வண்டியில் போட்டு வையுங்கள். கொஞ்சம் கனம் இருந்தால்தான் வீசும்போது தூரம் போகும். வீட்டு வாசலில் உங்கள் வீட்டம்மாவும் நாலு முறை வீசிப் பார்க்கட்டும்.