வீட்டுக் கைத்தொழில் பாடம்: தூண்டிலுக்கு இறகுப்பூச்சி கட்டுதல்



சென்ற ரமலானுக்கு முன் ஒரு சகோதரி நம் அலுவலகத்துக்கு வந்தார். கணவருக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஆர்டர் குறைந்ததால் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை இருந்தது. வீட்டிலிருந்தே செய்யும் கைவேலை என்று விளம்பரம் பார்த்து, "பொருளுக்கு முன்பணம்" என்று கேட்டவர்களுக்குக் காதுத் தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டியிருந்தார். பொருளும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. அவர் நம்மிடம் கேட்டது உதவித்தொகை அல்ல. "அண்ணே, ஏமாறாம செய்யுற மாதிரி ஏதாச்சும் தொழில் சொல்லுங்க" என்றுதான் கேட்டார்.

நம் தவறையும் இங்கே சொல்ல வேண்டும். முன்பு சில குடும்பங்களுக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தோம். வேலை யார் தருவார் என்று விசாரிக்காமல் கொடுத்தோம். அவற்றில் சில இன்று துணி போர்த்தியபடி மூலையில் நிற்கின்றன. ஆகவே இனி ஒரு தொழிலைப் பற்றி எழுதினால் அதன் செய்முறை, சந்தை, மார்க்க வரம்பு, கணக்கு நான்கையும் சேர்த்தே எழுதுவது என்று முடிவு செய்தோம். இம்மாதம் இளைஞர்கள் சிலர் கேட்ட ஒரு தொழிலை எடுத்துக்கொள்கிறோம்.

இது என்ன பொருள்?

தூண்டிலில் புழு மாட்டி மீன் பிடிப்பதை நாம் அறிவோம். ஓடும் குளிர்நீரில் வாழும் டிரவுட் போன்ற மீன்கள் பூச்சிகளைத் தின்பவை. அவற்றைப் பிடிக்க, சிறிய தூண்டில் முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி போலக் கட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் ஃப்ளை என்பார்கள். நாம் இறகுப்பூச்சி என்று சொல்லிக்கொள்வோம்.

இது நமக்குத் தூரத்து விஷயம் அல்ல. பக்கத்திலுள்ள நீலகிரியில் 1907-இல் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைக்கப்பட்டது. காஷ்மீரில் 1900-இல் இந்த மீனைக் கொண்டு வந்து வளர்த்தவர்களில் முக்கியமானவர் மிட்செல் என்ற கம்பளத் தொழிற்சாலை உரிமையாளர். அவரும் நம்மைப் போல நூலோடு பிழைத்தவர்தான். இமாச்சலப் பிரதேசத்திலும் மூணாறு பக்கமும் இம்மீன் உண்டு. உலகக் கடைகளில் விற்கும் இறகுப்பூச்சிகளில் பெரும்பங்கு கென்யா, இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளில் கையால் கட்டப்படுகிறது. இதற்கு இன்றுவரை மெஷின் வரவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு கைதான் கட்ட வேண்டும்.

கட்டும் முறை

தேவையானவை: முள்ளைப் பிடித்து நிறுத்தும் சிறிய வைஸ், கூர்மையான கத்திரி, நூல் பிடிக்கும் பாபின், முள், நூல், இறகு, வார்னிஷ். நூல் மெல்லியதாக இருக்க வேண்டும். 70 அல்லது 140 டெனியர் நூல் பொதுவாகப் பயன்படுகிறது. ஓவர்லாக்கில் மிஞ்சிய தடித்த நூலில் கட்டினால் தலைப்பகுதி குண்டாகிவிடும். முள்ளின் எண் கூடக்கூட அளவு சிறுத்துக்கொண்டு போகும். 16-ஆம் எண் முள் 10-ஆம் எண்ணை விடச் சிறியது. பழகுவதற்கு 10 போதும்.

1. முள்ளின் வளைவை வைஸில் கவ்வ வைத்து, தண்டு படுக்கையாக இருக்கும்படி நிறுத்தவும்.
2. முள்ளின் கண்ணுக்குச் சற்றுப் பின்னால் நூலைத் தொடங்கி, வளைவு வரை நெருக்கமாகச் சுற்றவும்.
3. நான்கைந்து இறகு இழைகளை வால் போல வைத்துக் கட்டவும். வாலின் நீளம் தண்டின் நீளத்துக்குச் சமமாக இருக்கட்டும்.
4. மெல்லிய கம்பளி நூலை உடம்பாக முன்னோக்கிச் சுற்றவும். கண்ணுக்கு முன் கொஞ்சம் இடம் விடவும்.
5. அந்த இடத்தில் சேவல் கழுத்து இறகின் காம்பைக் கட்டி, இரண்டு மூன்று சுற்றுச் சுற்றவும். இழைகள் கால்கள் போல விரிந்து நிற்கும்.
6. நூலால் தலை கட்டி, முடிச்சிட்டு, ஒரு சொட்டு வார்னிஷ் வைக்கவும். கண் அடைபடக் கூடாது. அடைபட்டால் அது டேமேஜ் பீஸ்தான்.

ஒன்றை அழகாகக் கட்டுவது பெரிதல்ல. இது டஜன் கணக்கில் விற்கும் சரக்கு. பன்னிரண்டும் ஒரே வால், ஒரே உடம்பு, ஒரே தலையாக இருக்க வேண்டும். செக்கிங் மேசையில் நின்று பழகிய நம் பெண்களின் கண்ணுக்கு இது கைவரும். ஆனால் நாள் முழுதும் செக்கிங் பார்த்துவிட்டு இரவில் மங்கிய விளக்கில் இதைச் செய்தால் கண் கெடும். லைன் வீட்டில் ஒற்றை அறையில் குழந்தைகள் தவழும் இடத்தில் முள்ளைப் பரப்பவே கூடாது. மூடியுள்ள டப்பாவும், தரையைத் தடவிப் பார்க்க ஒரு காந்தமும் கட்டாயம் வேண்டும்.

இறகில் கவனிக்க வேண்டியது

நாட்டுச் சேவலின் கழுத்து இறகு இதற்கு ஏற்றது. வெளிநாட்டுக் கடைகளில் 'இந்தியன் நெக்' என்ற பெயரிலேயே நம் நாட்டுச் சேவல் இறகு விற்கிறது. பிராய்லர் இறகு சரிப்படாது. செத்துக் கிடந்த கோழியின் இறகு ஹனஃபி மத்ஹபில் சுத்தமானது. ஷாஃபிஈ மத்ஹபில் அது அசுத்தமானது. நம் ஊரில் இரு மத்ஹபினரும் இருக்கிறோம். எனவே முறைப்படி அறுத்த சேவலின் இறகையே வாங்கி, சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி எடுத்துக்கொண்டால் யாருக்கும் ஐயம் வராது. சந்தையில் கிடைக்கும் முடி வகைகளில் பன்றி முடி கலந்திருந்தால் அதைத் தவிர்க்கவும்.

அடுத்தது நாட்டுச் சட்டம். மயில் இறகும், மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழி இறகும் இத்தொழிலில் பேர் பெற்றவை. காட்டுக்கோழியின் கழுத்தில் மெழுகு வைத்தது போன்ற புள்ளிகள் இருப்பதால் அதற்கு மவுசு அதிகம். இரண்டுமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட பறவைகள். மயில் தானாக உதிர்த்த தோகையை உள்நாட்டில் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு. காட்டுக்கோழியைத் தொடவே வேண்டாம். "காட்டுப்பக்கம் இருந்து கொண்டு வந்து தருகிறேன்" என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். பத்து ரூபாய் இலாபத்துக்காக வழக்கில் மாட்டிக்கொள்வது அறிவல்ல.

கணக்கு

இது ஓர் உதாரணக் கணக்கு மட்டுமே. விலைகளை நீங்கள் விசாரித்து மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பூச்சிக்கு வாங்குபவர் 20 ரூபாய் தருகிறார், பொருள் செலவு 10 ரூபாய் என்று வைப்போம். மணிக்கு ஐந்து கட்டினால் 50 ரூபாய் கிடைப்பதாகத் தோன்றும். இப்போது 10 டஜன், அதாவது 120 கட்டியதாக வைத்துப் பாருங்கள். பொருள் செலவு 1,200. அதில் 12 ரிஜெக்ட் ஆனால் மீதி 108-க்கு வரும் பணம் 2,160. கூரியர் 120. கையில் நிற்பது 840. உழைத்த நேரம் 24 மணி. மணிக்கு 35 ரூபாய்தான். 50 என்று நினைத்தது 35 ஆனதற்குக் காரணம் பத்தில் ஒரு டேமேஜும் கூரியரும். எந்தப் பீஸ் ரேட் வேலையையும் இப்படி மணிக்கணக்கில் போட்டுப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

நம் கருத்தை மறைக்காமல் சொல்கிறோம். நம் நாட்டில் இதை வாங்குவோர் குறைவு. திருப்பூரில் இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. கைத்திறனும் பொறுமையும் உள்ளவர்கள், வாங்குபவர் ஒருவரைத் தேடிக்கொண்ட பிறகு, துணை வருமானமாகச் செய்யலாம். முதலில் இரண்டு டஜன் மாதிரி கட்டி, தூண்டில் கடைகளுக்கும் மீன்பிடி ஆர்வலர்களுக்கும் அனுப்பிப் பாருங்கள். மீண்டும் கேட்டு வந்தால்தான் அடுத்த அடி.

மார்க்கம் காட்டும் வழி

நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்து உண்டவர்கள். கையால் உழைத்து உண்பதை விடச் சிறந்த உணவு இல்லை என்று நம் நபி (ஸல்) அவர்கள் போதித்ததாக புகாரியில் பதிவாகியுள்ளது. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் கைத்தொழில் செய்து, அதில் வந்ததைத் தர்மம் செய்தார்கள். வீட்டில் இருந்து சம்பாதிக்கும் பெண் யாருக்கும் கூச்சப்பட வேண்டியதில்லை.

அதே மார்க்கம் நிபந்தனைகளும் வைத்திருக்கிறது. மேலே காய்ந்த தானியம், அடியில் நனைந்தது என்று விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். டஜன் பெட்டியில் நல்லதை மேலேயும் கோணலானதை அடியிலும் வைப்பது அதே குற்றம். முன்பணம் வாங்கிப் பின்னர் சரக்குத் தருவதானால் அளவும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும். தவணைக் கடனை எழுதி வைக்கும்படி சூரா பகராவின் 282-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ரேட், எண்ணிக்கை, ரிஜெக்ட் யார் பொறுப்பு, பணம் எந்தச் சனிக்கிழமை என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சொந்தக்காரரானாலும் எழுதுங்கள். வேலை கொடுப்பவரும் நினைவில் கொள்ள வேண்டும்: வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவருக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வாதியாக நிற்பான் என்று எச்சரிக்கை வந்துள்ளது.

வேலை தருவதற்கு முன்பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். வட்டிக்கு வாங்கித் தொழில் தொடங்காதீர்கள். இனி கருவி கேட்டு வரும் குடும்பத்திடம் நாம் முதலில் "வாங்குபவர் யார்?" என்று கேட்போம். அதற்குப் பதில் இருந்தால், ஸகாத் பெறத் தகுதியுள்ளவருக்கு ஸகாத் நிதியிலிருந்து கருவியை அவருக்கே சொந்தமாக்கிக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ். பதில் இல்லை என்றால் வாங்குபவரைச் சேர்ந்து தேடுவோம்.

அந்தச் சகோதரி இப்போது பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரோடு சேர்ந்து, கம்பெனியிலிருந்து பிசிர் வெட்டும் வேலையை எழுத்து ஒப்பந்தத்தோடு வாங்கிச் செய்கிறார். தோடு இன்னும் மீளவில்லை. ஆனால் யாரிடமும் முன்பணம் கட்டவில்லை, யாருக்கும் வட்டி கொடுக்கவில்லை. வல்ல அல்லாஹ் அவர் உழைப்பிலும் நம் அனைவரின் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.