ஒயரை மாட்டும் முன்: டேக் போர்டும் அனலாக் சிக்னலும்

நாளைக்கு புராஜெக்ட் ரிவ்யூ. தெர்மோகப்பிளை டேக் போர்டில் மாட்டியாச்சு. ஆனால் ஸ்கிரீனில் வெப்பநிலை ஒரு இடத்தில் நிற்காமல் ஆடுகிறது. இல்லையென்றால் மெல்ல நகர்ந்து ரேஞ்சின் உச்சியில் போய் ஒட்டிக்கொள்கிறது. உடனே எல்லாரும் புரோகிராமில் தப்பு தேடுவோம். கொஞ்சம் பொறுங்க, முதலில் ஒயரிங்கைப் பாருங்க.

1. சோர்ஸ் எர்த் ஆகியிருக்கா, மிதக்குதா?

பேட்டரி, தனியாக நிற்கும் தெர்மோகப்பிள், டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரி இவையெல்லாம் மிதக்கும் சோர்ஸ்கள். எர்த்தோடு இவற்றுக்குத் தொடர்பு இல்லை. லேபில் இருக்கும் மூன்று பின் ஃபங்ஷன் ஜெனரேட்டர்களில் பலவற்றில் அவுட்புட்டின் நெகட்டிவ் உள்ளேயே எர்த்தோடு சேர்ந்திருக்கும். சந்தேகமா? பிளக்கைக் கழற்றிவிட்டு, எர்த் பின்னுக்கும் நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பாருங்க. தெர்மோகப்பிள் முனை மெஷின் உடம்பில் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவும் எர்த் ஆன சோர்ஸ்தான்.

2. எப்படி மாட்டுவது?

எர்த் ஆன சோர்ஸை போர்டின் கிரவுண்டோடு நேரே இணைத்தால் கிரவுண்ட் லூப் உருவாகும். இரண்டு எர்த் புள்ளிகளும் சரியாக ஒரே வோல்டேஜில் இருப்பதில்லை. அந்த வித்தியாசம் 50 ஹெர்ட்ஸ் அலையாக உங்கள் ரீடிங்கில் ஏறி உட்காரும். இதற்கு டிஃபரென்ஷியல் இணைப்புதான் வழி. இரண்டு ஒயரிலும் பொதுவாக வரும் வோல்டேஜை அது கழித்துவிடும். விலை என்னவென்றால், 16 சேனல் போர்டு 8 சேனலாகிவிடும்.

மிதக்கும் சோர்ஸை டிஃபரென்ஷியலில் மாட்டினால் வேறொரு சிக்கல். போர்டின் இன்புட்டில் ஓடும் சின்ன பயாஸ் கரன்ட்டுக்குத் திரும்பிப் போக வழி இல்லை. அதனால் வோல்டேஜ் நகர்ந்து நகர்ந்து உச்சிக்குப் போய்விடும். நெகட்டிவ் இன்புட்டிலிருந்து அனலாக் கிரவுண்டுக்கு 10 முதல் 100 கிலோ ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் போடுங்க. தெர்மோகப்பிளுக்கு அது போதும்.

3. ரேஞ்ச்

16 பிட் போர்டை ±10 வோல்ட்டில் வைத்தால் ஒரு படி சுமார் 305 மைக்ரோவோல்ட். கே டைப் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட்தான். அதாவது 7 டிகிரிக்கு மேல் மாறினால்தான் போர்டுக்கே தெரியும்! ±0.1 வோல்ட் ரேஞ்ச் இருந்தால் ஒரு படி 3 மைக்ரோவோல்ட்டாகிவிடும். ஒயர் இணையும் முனையின் வெப்பநிலையையும் அளந்து கணக்கில் சேர்க்க மறக்காதீங்க.

4. பக்கத்து சேனலின் நிழல்

பல போர்டுகளில் எல்லா சேனலுக்கும் ஒரே ஏடிசிதான். மல்டிபிளெக்ஸர் ஒவ்வொன்றாக மாற்றும். சோர்ஸின் இம்பீடன்ஸ் அதிகமாக இருந்தால், முந்தைய சேனலின் வோல்டேஜ் முழுசா மாறி முடிவதற்குள் அடுத்த ரீடிங் எடுத்துவிடும். ஸ்கேன் வேகத்தைக் குறைத்துப் பாருங்க, அல்லது நடுவில் ஒரு ஆப்-ஆம்ப் பஃபர் வையுங்க.

ஒரு எச்சரிக்கை: 230 வோல்ட் மெயின்ஸின் உச்சம் சுமார் 325 வோல்ட். அதை எந்தக் காரணத்துக்கும் போர்டில் நேரே காட்டாதீங்க. போர்டோடு போகாது, லேப்டாப்பும் போகும், உங்க கையும் மாட்டும். ஐசொலேஷன் உள்ள சென்ஸார் வழியாகத்தான் அளக்கணும்.

இவ்வளவும் செய்தும் ரீடிங் சரியில்லையா? சென்ஸாரைக் கழற்றிவிட்டு, ரேஞ்சை ±10 வோல்ட்டுக்கு மாற்றி, அதே சேனலில் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை மாட்டுங்க. மல்டிமீட்டர் காட்டுவதையே போர்டும் காட்டினால் போர்டு நல்லாத்தான் இருக்கு. அதன் பிறகு சென்ஸார் பக்கம் தேடுங்க.