பழைய ஸ்போர்ட்ஸ் கார் சூடாகிறதா? ஸ்பேனருக்கு முன் கேள்வி கேளுங்கள்

"தம்பி, வண்டி ரொம்ப ஹீட் ஆகுது. என்னன்னு பாருங்க." பழைய ஸ்போர்ட்ஸ் கார் பட்டறைக்கு வரும்போது உரிமையாளர் சொல்வது பெரும்பாலும் இவ்வளவுதான். உடனே புது மெக்கானிக்கின் கை தெர்மோஸ்டாட்டுக்குப் போகிறது. அதை மாற்றியும் தீரவில்லையா, வாட்டர் பம்ப். அதுவும் பலிக்கவில்லையா, "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார்." மூன்று பாகங்கள் மாற்றிய பிறகும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் போவது அவருடைய பணம் மட்டுமல்ல, உங்கள் பெயரும்தான். பாகம் மாற்ற ஆள் எங்கும் கிடைக்கும். கோளாறைக் கண்டுபிடிக்கும் ஆளைத்தான் பட்டறை முதலாளிகள் தேடுகிறார்கள். இந்தத் தொழிலில் சம்பளம் ஏறும் வழி அதுதான்.

எடுத்துக்காட்டாக போர்ஷே 944-ஐ எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் 1982 முதல் 1991 வரை உற்பத்தியான கார். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றது. இன்று வெளிநாடுகளில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் பலர் இதில்தான் தொடங்குகிறார்கள். சாய்த்து வைத்த நான்கு சிலிண்டர் இன்ஜின், முழுக்க அலுமினியம். சிலிண்டரில் இரும்பு லைனர்கூடக் கிடையாது. அதிகச் சூட்டில் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். அதனால் "கொஞ்சம் ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று இதை மறுபடி மறுபடி சூடாக்கிப் பார்க்கக் கூடாது.

முதல் கேள்வி: எப்போது சூடாகிறது? சிக்னலில் நிற்கும்போதா, நெடுஞ்சாலையில் ஓடும்போதா, ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயா? பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும். அடுத்து, கடைசியாக யார் என்ன வேலை செய்தார்கள், கூலன்ட் எவ்வளவு நாளுக்கு ஒருமுறை குறைகிறது, குறைந்தால் எதை ஊற்றுகிறார்கள் என்று கேளுங்கள். போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி என்றால் ரேடியேட்டர் குழாய்களில் உப்பு படிந்திருக்கும் என்பதை முன்பே எதிர்பார்க்கலாம். பதில்களை அப்படியே ஜாப் கார்டில் எழுதுங்கள்.

பிறகு, உண்மையிலேயே சூடாகிறதா என்று பாருங்கள். முப்பது வயதைத் தாண்டிய வண்டியின் மீட்டரை அப்படியே நம்பக் கூடாது. ஹெட்லைட் போட்டவுடன் முள் ஏறினால், ஏறியது சூடு அல்ல. எர்த் இணைப்பு அரித்துப் போயிருக்கிறது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை, இன்ஜினிலிருந்து கூலன்ட் வெளியேறும் கழுத்தின் மேல் காட்டி, முள் சொல்வதோடு ஒப்பிடுங்கள். சில நிமிட வேலை. தேவையில்லாத பல செலவுகளை இது தடுத்துவிடும்.

நிற்கும்போது மட்டும் சூடாகி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன் பக்கம் போங்கள். 944-இல் ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுகிறது. ரேடியேட்டரில் திருகியிருக்கும் வெப்ப சுவிட்ச்தான் அதை இயக்குகிறது. சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி, அதன் முனைகளை ஒரு ஒயரால் இணைத்துப் பாருங்கள். ஃபேன் ஓடினால் குற்றவாளி சுவிட்ச். ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாக மல்டிமீட்டரோடு போங்கள். எத்தனை டிகிரியில் இணைய வேண்டும் என்பது சுவிட்சிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பழைய சுவிட்ச் தாமதமாக இணைவதும் உண்டு. அப்போது ஃபேன் ஓடுகிறதே என்று திருப்தியாகத் திரும்பிவிடாதீர்கள். எந்தச் சூட்டில் ஓட ஆரம்பித்தது என்பதுதான் முக்கியம். இந்தச் சோதனையின்போது கை, கழுத்துத் துணி, ஒயர் எதுவும் ஃபேனுக்கு அருகில் இருக்கக் கூடாது.

வேகமாகப் போகும்போது சூடாகிறது என்றால் ஃபேன் பிரச்சினை இல்லை. காற்று தானாகவே வருகிறது. ரேடியேட்டரைப் பாருங்கள். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இலை, பூச்சி, தூசி அடைத்திருக்கும்; வெளியிலிருந்து தெரியாது. டார்ச் அடித்துப் பாருங்கள். ரேடியேட்டர் முகம் முழுக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நகர்த்துங்கள். எங்கோ ஒரு பட்டை மட்டும் சில்லென்று இருந்தால் அந்தக் குழாய்கள் உள்ளே அடைபட்டிருக்கின்றன. காருக்கு அடியில் காற்றை ரேடியேட்டருக்குத் திருப்பும் பிளாஸ்டிக் தட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். பல கைகள் மாறிய வண்டியில் அதைக் கழற்றியவர் திரும்ப மாட்டியிருக்க மாட்டார்.

தெர்மோஸ்டாட் பற்றி ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வெயில் ஊர், இது எதற்கு என்று கழற்றி எறியும் பழக்கம் நம் பட்டறைகளில் பரவலாக இருக்கிறது. 944-இல் அது நேர்மாறான வேலையைச் செய்யும். இந்த தெர்மோஸ்டாட் ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே இன்ஜினுக்குத் திரும்பிவிடும். சந்தேகம் இருந்தால் தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, அதில் பொறித்த டிகிரியில் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் அதையே மாட்டலாம். ஆனால் அதன் பின்னால் உட்காரும் சீலைப் புதிதாகப் போடுங்கள்.

கூலன்ட் மாற்றிய மறுநாளே சூடாகிறது என்று வண்டி வந்தால், ஏர் லாக்கை முதலில் சந்தேகப்படுங்கள். இன்ஜினின் உச்சியில், கூலன்ட் வெளியேறும் கழுத்தில் காற்று வெளியேற்றும் ஸ்குரு இருக்கிறது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, அந்த ஸ்குரு வழியே குமிழி இல்லாமல் கூலன்ட் சீராக வரும்வரை நிரப்புங்கள். ஸ்குருவை மெதுவாகத் திருகுங்கள், பழசாகிவிட்டால் உடைந்துவிடும்.

இனி ஹெட் கேஸ்கெட். பட்டறையில் இதற்குத்தான் அவசரத் தீர்ப்புகள் அதிகம். கூலன்ட் டேங்கில் பழுப்பு நிறத்தில் கூழ் போல எண்ணெய் மிதந்தால் பலரும் இன்ஜினைப் பிரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். இந்தக் காரில் நிதானம் வேண்டும். எண்ணெயைக் கூலன்டால் குளிர்விக்கும் ஆயில் கூலர் ஒன்று இன்ஜின் பக்கவாட்டில் இருக்கிறது. அதன் சீல்கள் வயதானால் கசியும். ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் கூலன்டைவிட அதிகம் என்பதால் எண்ணெய்தான் கூலன்டுக்குள் போகும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் சுத்தமாகவே இருக்கும். இது சீல் மாற்றும் வேலை. ஹெட்டைக் கழற்றும் செலவு இதற்குத் தேவையே இல்லை.

ஹெட் கேஸ்கெட்டுக்குச் சாட்சி வேறு. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடங்களில், சூடேறுவதற்கு முன்பே மேல் ஹோஸ் இறுகிவிடும். டேங்கில் குமிழி நிற்காமல் வரும். கூலன்டில் எரிந்த வாயு கலந்திருப்பதைக் காட்டும் நீலத் திரவம் மஞ்சளாகும். லீக்டவுன் சோதனையும் இதையே சொன்னால் அப்புறம் பிரியுங்கள்.

வாட்டர் பம்ப் கசிந்தால் தாமதிக்காதீர்கள். 944-இல் பம்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட். பம்ப் இறுகினாலோ, கூலன்ட் பெல்ட்டில் பட்டாலோ பெல்ட் போய்விடும்; பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும். ஆகவே பம்ப், பெல்ட், ரோலர் மூன்றையும் ஒரே மதிப்பீட்டில் எழுதுங்கள். ஏன் என்று உரிமையாளரிடம் விளக்குங்கள். விளக்கினால் ஒப்புக்கொள்வார்கள்.

கூலன்ட் டேங்க் மூடியையும் மறக்க வேண்டாம். 1 பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கிறது. மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் 100-லேயே கொதிக்கும். விலை குறைந்த பாகம், கடைசியாகப் பார்க்கப்படுகிறது. சூடாக இருக்கும்போது இதைத் திறக்கவே கூடாது. முகம் வெந்துபோன மெக்கானிக்குகள் உண்டு.

வேலை முடிந்ததும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, ஐடிலில் நிறுத்துங்கள். ஃபேன் எந்தச் சூட்டில் ஓடத் தொடங்கியது, எதில் நின்றது என்பதை ஜாப் கார்டில் எழுதி, பழைய பாகங்களோடு உரிமையாளரிடம் காட்டுங்கள். ஃபேன் இரண்டு முறையாவது ஓடி நின்றதைக் கண்ணால் பார்க்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.